நைட்ஃபால் இன் மிடில்-எர்த்: டோல்கீனின் காப்பியம் பாட்டான கதை

ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் நகரைச் சேர்ந்த பிளைண்ட் கார்டியன் என்ற ஹெவி மெட்டல் குழு 1998 ஏப்ரலில் வெளியிட்ட ஆல்பம் ‘நைட்ஃபால் இன் மிடில்-எர்த்’. தமிழில் ‘மத்திய உலகில் இருள் கவியும் நேரம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். மொத்தம் 22 உருப்படிகள், சுமார் 65 நிமிடங்கள். இவற்றில் 11 முழுப் பாடல்கள். மற்ற 11 சிறு இடைத்துண்டுகள்: வசனம், ஓசைகள், ஒரு நிமிடத்துக்கும் குறைவான மெட்டுகள். முழுவதும் ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி சில்மரில்லியன்’ நூலை அடியொற்றியது.

மெட்டல் என்றதும் நம்மில் பலர் காதைப் பொத்திக்கொள்வோம். நீள முடி, கறுப்புச் சட்டை, எலும்புக்கூடு, காட்டுக்கத்தல் என்று ஒரு சித்திரம் மனதில் இருக்கிறது. அந்தச் சித்திரம் முழுக்கப் பொய்யுமில்லை. ஆனால் இந்த இசைவகைக்குள் புத்தக அலமாரியை ஒட்டியே வளர்ந்த ஒரு கிளை உண்டு. கோல்ரிட்ஜ், மில்டன், மெல்வில், கதே, ஹோமர் என்று அதன் வேர்கள் ஓடுகின்றன. அந்தக் கிளையில் காய்த்தவற்றில் மிக முழுமையானது இந்த ஆல்பம் என்பது என் கணிப்பு. இலக்கியம் படிக்கிறவர்களுக்கும் மெட்டல் கேட்கிறவர்களுக்கும் நடுவே போக்குவரத்து அதிகம் இல்லாததால், முதல் தரப்பினருக்காக இதைப்பற்றி விரிவாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

மூலநூல்

டோல்கீன் (1892–1973) ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த மொழியியலாளர். ‘தி ஹாபிட்’ (1937), ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) இரண்டும் அவரை உலகறியச் செய்தன. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்பே அவர் தொடங்கி, சாகும்வரை முடிக்காமல் விட்ட வேலை ஒன்று இருந்தது. முதல் உலகப்போரில் சோம் போர்முனையிலிருந்து காய்ச்சலோடு திரும்பி, படுக்கையில் கிடந்த நாட்களில் ‘கோண்டோலினின் வீழ்ச்சி’ என்ற கதையை எழுதினார். அதிலிருந்து கிளைத்து, தான் உருவாக்கிய மொழிகளுக்கு ஒரு மக்கள், அந்த மக்களுக்கு ஒரு வரலாறு, அந்த வரலாற்றுக்கு ஒரு படைப்புப் புராணம் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதினார், திருத்தினார், மறுபடி எழுதினார். ‘ஹாபிட்’ விற்றதும் பதிப்பாளரிடம் இந்தக் கட்டிலிருந்து சிலவற்றைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கோ ஹாபிட்டுக்குத் தொடர்ச்சிதான் தேவையாக இருந்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’.

டோல்கீன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977 செப்டம்பரில், அவருடைய மகன் கிறிஸ்டோஃபர் அந்தக் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து ஒரு தொடர்ச்சியான கதையைத் தொகுத்து ‘தி சில்மரில்லியன்’ என்று வெளியிட்டார். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற கனடாக்காரர் கய் கேவ்ரியல் கே இந்தத் தொகுப்பில் உதவினார். 

நூல் படிக்கக் கடினமானது. இதில் உரையாடல் குறைவு, பெயர்கள் நூற்றுக்கணக்கில். ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருக்கும். வேகமாக விரியும் நாவலை எதிர்பார்த்து எடுப்பவர்கள் ஐம்பது பக்கத்துக்குள் கீழே வைத்துவிடுவார்கள். புராணமோ இதிகாசமோ படித்துப் பழகியவர்களுக்கு அவ்வளவு சிரமம் இருக்காது. வம்ச வரிசையும் சாபமும் வரமும் நமக்குப் பழகிய சமாசாரங்கள்தானே.

குழு

1984இல் ‘லூசிஃபர்ஸ் ஹெரிடேஜ்’ என்ற பெயரில் தொடங்கிய இளைஞர்கள், அந்தப் பெயர் தங்களை வேறு வகை மெட்டலோடு சேர்த்துவிடுகிறது என்பதால் 1987இல் ‘பிளைண்ட் கார்டியன்’ ஆனார்கள். பாடகர் ஹான்ஸி க்யூர்ஷ், முன்னணி கிதார் ஆந்த்ரே ஓல்ப்ரிஷ், தாள கிதார் மார்குஸ் ஸீபென், டிரம்ஸ் தோமாஸ் ஷ்டவுக். இந்த நால்வரும் 2005இல் ஷ்டவுக் விலகும்வரை மாறவேயில்லை.

1988இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்திலேயே டோல்கீன் இருக்கிறார். 1990இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்றே ஒரு பாட்டு. 1992இல் வந்த ‘சம்வேர் ஃபார் பியாண்ட்’ ஆல்பத்தில் ‘பாணன் பாட்டு’ என்று பொருள்படும் இரண்டு பாடல்கள் உண்டு. அவற்றில் ஒன்று வெறும் கிதாரும் குரலுமான எளிய பாட்டு. இன்றும் கச்சேரிகளில் அதைப் பாடகர் பாடுவதில்லை, கூடியிருக்கும் கூட்டம்தான் முதலிலிருந்து கடைசிவரை பாடுகிறது. இவர்களுக்குப் ‘பாணர்கள்’ என்ற பட்டப்பெயரும் அப்படி நிலைத்தது.

‘நைட்ஃபால்’ அவர்களுடைய ஆறாவது ஆல்பம். அதுவரை பாட்டோடு பேஸ் கிதாரும் வாசித்துவந்த க்யூர்ஷ் இந்த ஆல்பத்தில் பேஸை ஒலிவர் ஹோல்ட்ஸ்வார்த்திடம் விட்டுவிட்டுப் பாடுவதில் மட்டும் கவனம் வைத்தார். அதன் பலன் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். தயாரிப்பில் முக்கியமானவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃப்ளெமிங் ராஸ்முசென். மெட்டாலிகாவின் எண்பதுகளின் ஆல்பங்களில் மூன்றில் பங்காற்றியவர். 

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் ஜெர்மானியர்கள். ஓர் ஆங்கிலேயர் எழுதிய புராணத்தை, தங்கள் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். க்யூர்ஷின் ஆங்கிலத்தில் அங்கங்கே ஒரு நெளிவு இருக்கும், சொல்வரிசை சற்று முன்பின்னாக விழும். ஆங்கிலத்தை வேலைக்கும் தமிழை வீட்டுக்கும் வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அது குறையாகப் படவில்லை. பழங்கதை சொல்பவன் குரலுக்கு அந்த நெளிவு பொருந்தவே செய்கிறது.

கதை, மிகச் சுருக்கமாக

ஆல்பத்தைப் பின்தொடர இவ்வளவு தெரிந்தால் போதும்.

சூரியனும் சந்திரனும் தோன்றாத காலம். மேற்கே வாலினோர் என்ற தேவ நாட்டில் இரண்டு மரங்கள் ஒளி தருகின்றன. எல்ஃபுகளில் நோல்டோர் என்ற குலத்தில் பிறந்த ஃபேயனோர் என்ற பெருங்கலைஞன் அந்த ஒளியைப் பிடித்து மூன்று மணிகள் செய்கிறான். அவைதாம் சில்மரில்கள். தேவர்களில் ஒருவனாக இருந்து கெட்டுப்போன மோர்கோத், உங்கோலியன்ட் என்ற சிலந்தி அரக்கியோடு சேர்ந்து மரங்களை அழிக்கிறான். ஃபேயனோரின் தந்தையைக் கொன்று மணிகளைத் திருடிக்கொண்டு வடக்கே ஓடிவிடுகிறான்.

ஃபேயனோரும் அவன் ஏழு மகன்களும் ஒரு வஞ்சினம் கூறுகிறார்கள். மணிகளை வைத்திருப்பவன் யாராக இருந்தாலும், தேவனோ அசுரனோ எல்ஃபோ மனிதனோ, அவனைத் துரத்துவோம். தவறினால் முடிவற்ற இருள் எங்களைக் கொள்ளட்டும் என்பது அதன் சாரம். நமக்குப் புறநானூற்றில் ‘வஞ்சினக் காஞ்சி’ என்றே ஒரு துறை இருக்கிறது. இன்னதைச் செய்யாவிட்டால் எனக்கு இன்ன கேடு வரட்டும் என்று அரசன் சூளுரைப்பது. பாண்டியன் நெடுஞ்செழியனின் 72ஆம் பாட்டு அப்படிப்பட்டது. அதே இலக்கணத்தில்தான் ஃபேயனோரின் வஞ்சினமும் அமைந்திருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான். இங்கே அந்தக் கேடு உண்மையாகவே வந்து சேர்கிறது.

கடல் கடக்கக் கப்பல் தேவை. அவை இன்னொரு எல்ஃப் குலத்தாரிடம் இருக்கின்றன. தர மறுக்கிறார்கள். நோல்டோர் தங்கள் சொந்த இனத்தாரையே வெட்டிக் கப்பல்களைப் பறிக்கிறார்கள். அக்கரை சேர்ந்ததும், தம்பி ஃபிங்கோல்ஃபினுக்குத் திருப்பி அனுப்பாமல் ஃபேயனோர் அந்தக் கப்பல்களைக் கொளுத்துகிறான். கைவிடப்பட்ட ஃபிங்கோல்ஃபினின் கூட்டம் வடதுருவப் பனிக்கட்டியின் மேல் நடந்தே கடக்கிறது. பலர் வழியில் மாள்கிறார்கள். பிறகு நூற்றாண்டுகள் நீளும் போர். நகரங்கள் எழுகின்றன, காட்டிக்கொடுக்கப்படுகின்றன, விழுகின்றன. வாள் பலத்தால் எந்தப் படையும் மீட்க முடியாத மணிகளில் ஒன்றை, பெரன் என்ற மனிதனும் லூதியன் என்ற எல்ஃப் இளவரசியும் இரண்டே பேராகப் போய் எடுத்துவருகிறார்கள்.

பாட்டும் கூற்றும்

இந்த ஆல்பத்தை முதலில் சில மாதங்கள் வேலைநேரத்தில் ஹெட்போனில் ஓசையாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நூலைப் படித்தபிறகு, மென்பொருள்காரனின் பழக்கப்படி ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன். பாட்டு, பேசுபவர், கேட்பவர், சந்தர்ப்பம் என்று நான்கு பத்திகள். நிரப்ப நிரப்ப ஒன்று தெளிவாகியது. இதில் கதை சொல்லும் பாட்டு மிகக் குறைவு. பெரும்பாலானவை ஒரு பாத்திரம் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நின்று பேசும் பேச்சு. சங்கப் பாடல்களில் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்கிறோமே, அதுபோல.

‘இன்டு தி ஸ்டார்ம்’ மோர்கோத்தும் உங்கோலியன்ட்டும் தப்பியோடும் வழியில் மணிகளுக்காகச் சண்டையிடுவது. ‘நைட்ஃபால்’ மரங்கள் பட்டபின் ஃபேயனோரும் மக்களும் புலம்பி வஞ்சினத்துக்குத் தயாராவது. ‘தி கர்ஸ் ஆஃப் ஃபேயனோர்’ அவனுடைய சீற்றம், கூடவே தான் சிந்திய உறவினர் ரத்தத்தின் நினைவு. ‘பிளட் டியர்ஸ்’ மூத்த மகன் மெய்த்ரோஸின் கூற்று. மலைமுகட்டில் ஒற்றை மணிக்கட்டில் விலங்கிட்டுத் தொங்கவிடப்பட்டவன் அவன். நண்பன் ஃபிங்கோன் அந்தக் கையை வெட்டித்தான் அவனை மீட்க முடிந்தது. ‘மிரர் மிரர்’ டூர்கோன் மறைநகரமான கோண்டோலினைக் கட்டுவது. இதன் தலைப்பு கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஸ்னோ ஒயிட் கதையின் மாயக்கண்ணாடியை நினைவூட்டுகிறது. ஜெர்மானிய நாட்டார் கதை ஒன்று டோல்கீனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் இடம் இது.

‘நோல்டோர்’ பனிப்பயணத்தைப் பற்றி ஃபிங்கோல்ஃபின் பேசுவது. ‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’ அதே ஃபிங்கோல்ஃபின் தனியாகக் குதிரையேறிப் போய் மோர்கோத்தின் இரும்புக்கோட்டைக் கதவைத் தட்டிச் சண்டைக்கு அழைப்பது. ‘தார்ன்’ கோண்டோலினைக் காட்டிக்கொடுக்கப்போகும் மெய்க்லினின் மனக்குமைச்சல். ‘தி எல்டார்’ பெரனைக் காப்பாற்றி, அந்தக் காயத்தால் சாகும் ஃபின்ராடின் விடைபெறல். ‘வென் ஸாரோ சாங்’ பெரனின் காதலும் ஓநாயால் நேரும் சாவும். ‘எ டார்க் பாசேஜ்’ ஐந்தாம் பெரும்போரில் வென்ற மோர்கோத்தின் பெருமிதம்.

அப்படியானால் நடுவே வரும் அந்தப் பதினொரு சிறு துண்டுகள் எதற்கு? ஆல்பத்தைக் குறைசொல்பவர்கள் முதலில் கைவைப்பது இவற்றில்தான். பாட்டு சூடுபிடிக்கும்போது காலடி ஓசையும் கர்ஜனையும் வசனமும் வந்து வேகத்தைக் கெடுக்கின்றன என்பார்கள். இந்தத் துண்டுகளைத் தள்ளிவிட்டுப் பாடல்களை மட்டும் கேட்பவர்கள் உண்டு. எனக்கு இவை சங்கப் பாடல்களின் கீழே இருக்கும் துறைக்குறிப்பு போலத் தோன்றுகின்றன. இன்னார் இன்னாரிடம் இன்ன சமயத்தில் சொன்னது என்று ஒரு வரி இல்லாவிட்டால் பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தரத்தில் நிற்கும். ‘கேப்சர்ட்’ என்ற அரை நிமிடத் துண்டில் மோர்கோத் கைதியான மெய்த்ரோஸிடம் பேசுகிறான். அடுத்து வரும் ‘பிளட் டியர்ஸ்’ யார் கூற்று என்பது அதனால் விளங்குகிறது. மெய்க்லினின் பாட்டுக்கு முன்னால் அவன் தந்தை ஏயோலைக் குறிக்கும் ‘தி டார்க் எல்ஃப்’ வருவதும் இப்படித்தான். 

முதல் துண்டு இன்னும் முக்கியமானது. ‘வார் ஆஃப் ராத்’ என்ற அது கதையின் தொடக்கம் அல்ல, முடிவு. இறுதிப் போரில் தோற்கும் நிலையில் மோர்கோத்திடம் அவனுடைய தளபதி சாவ்ரான் ஓடிவிடச் சொல்கிறான். அவனை அனுப்பிவிட்டு மோர்கோத் தனியே இருக்கிறான். அதற்குப்பின்தான் பழைய கதை தொடங்குகிறது. எனவே நாம் கேட்கும் அத்தனையையும் தோற்றவன் ஒருவன் கடைசி நேரத்தில் நினைத்துப் பார்ப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். தான் அழித்தவர்களின் குரல்களெல்லாம் அவன் காதில் ஒலிக்கின்றன. மூலநூலில் இல்லாத கோணம் இது. நூல் ஒரு வரலாற்றாசிரியனின் தூரத்திலிருந்து பேசுகிறது. ஆல்பம் அந்தத் தூரத்தை எடுத்துவிடுகிறது.

கால வரிசையையும் ஆல்பம் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. பனிப்பயணம் நடந்து மிகவும் பிந்திக் கட்டப்பட்டது கோண்டோலின். ஆல்பத்திலோ ‘மிரர் மிரர்’ முன்னால், ‘நோல்டோர்’ பின்னால். காரணம் ஊகிக்கக்கூடியதே. பனிப்பயணத்தைச் சொன்ன ஃபிங்கோல்ஃபினின் குரல் அடங்குவதற்குள் அவனுடைய கடைசிச் சண்டை வந்துவிட வேண்டும். எதைத் தாங்கிக்கொண்டு வந்தவன் இப்படித் தனியாகச் சாகப் போகிறான் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இசை

மெட்டலில் கிதார் பெரும்பாலும் இரண்டு வேலைகளைச் செய்யும். தடித்த தாளக்கட்டு ஒன்று, நடுவே வேகமான தனி ஆவர்த்தனம் ஒன்று. ஓல்ப்ரிஷ் மூன்றாவது வேலை ஒன்றைக் கொடுக்கிறார். பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேலும் கீழும் வேறு வேறு மெட்டுகளில் கிதார் ஓடிக்கொண்டிருக்கும், இசைக்குழுவில் வயலின்கள் ஓடுவதுபோல. பிரிட்டனின் க்வீன் குழுவில் பிரையன் மே செய்த அடுக்கு கிதார் இதற்கு முன்னோடி. அந்தக் கடனை பிளைண்ட் கார்டியன் மறைக்கவில்லை. 2002இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு க்வீனின் புகழ்பெற்ற ஆல்பத்தின் பெயரையே, ‘எ நைட் அட் தி ஓபரா’ என்று வைத்தார்கள்.

குரலிலும் அதே அடுக்கு முறைதான். பல்லவி வரும்போதெல்லாம் ஒரு பெரும் கூட்டம் சேர்ந்து பாடுவதுபோல இருக்கும். பின்னணிப் பாடகர்களின் குரல்களைப் பலமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியது. இது வெறும் பிரம்மாண்டத்துக்காக இல்லை. ‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’ பாட்டில் சரணம் ஃபிங்கோல்ஃபின் ‘நான்’ என்று பேசுவது, ஒற்றைக் குரல். பல்லவி வந்ததும் அவனை ‘அவன்’ என்று சுட்டும் கூட்டுக்குரல். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் உலகம் அது. மனிதன் உள்ளே எவ்வளவு உடைந்திருக்கிறான் என்பதும், பார்ப்பவர்களுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறான் என்பதும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வருகின்றன. நூலில் அவன் மோர்கோத்தை ஏழு இடங்களில் காயப்படுத்தி, சாகும் நேரத்தில் காலிலும் வெட்டுகிறான். மோர்கோத் அதன்பிறகு எப்போதும் நொண்டியே நடந்தான் என்று ஒரு குறிப்பு வரும். வெல்ல முடியாது என்று தெரிந்தே போனவன் விட்டுச்சென்றது அந்த நொண்டல்.

பேஸை விட்ட க்யூர்ஷின் குரல் எவ்வளவு தூரம் விரிந்தது என்பதற்கு ‘தி எல்டார்’ சாட்சி. பியானோவும் குரலும்தான் அதில் பிரதானம். முந்தைய பாட்டில் கரகரத்துக் கத்திய அதே தொண்டை இங்கே ஒரு சாவை மெல்லச் சொல்கிறது. மெட்டல் பிடிக்காதவர்கள் இந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம். அடுத்து ‘நைட்ஃபால்’. அதில் தாலாட்டுபோல் மெல்லத் தொடங்கும் மெட்டு, வஞ்சினம் நெருங்க நெருங்க இறுகும். மூன்றாவதாக ‘மிரர் மிரர்’. ஐரோப்பியக் கிராமத்து ஆட்டமெட்டு ஒன்று அதிவேக டிரம்ஸ் மேல் ஏறிச் சவாரி செய்வதுபோல இருக்கும்.

பேசாதவள்

நான் போட்ட அட்டவணையில் ஒரு குறையும் தெரிந்தது. பேசுபவர் பத்தியில், சிலந்தி அரக்கி உங்கோலியன்ட்டை விட்டால், ஒரு பெண்பெயரும் இல்லை.

ஆந்த்ரியாஸ் மார்ஷல் வரைந்த அட்டைப்படத்தில் மோர்கோத்தின் அரியணை முன் ஆடும் லூதியன் இருக்கிறாள். மூலநூலில் நடப்பது இதுதான்: மாறுவேடத்தில் கோட்டைக்குள் போன லூதியன் தன் பாட்டாலும் ஆட்டத்தாலும் மோர்கோத்தையும் அவன் சபை முழுவதையும் தூங்கவைக்கிறாள். அப்போதுதான் பெரன் அவன் கிரீடத்திலிருந்து ஒரு மணியைப் பெயர்த்தெடுக்க முடிகிறது. பெரன் இறந்தபிறகு மரணதேவன் மாண்டோஸின் முன் பாடி, இரங்குவதறியாத அவனையும் இரங்கவைத்து, காதலனை மீட்பவளும் அவள்தான். எத்தனையோ படைகள் செய்யமுடியாததைப் பாட்டு செய்தது என்பது அந்தக் கதையின் உயிர்நாடி. டோல்கீனுக்கும் இது மற்றெல்லாக் கதைகளையும்விட அந்தரங்கமானது. ஆக்ஸ்ஃபோர்டில் அவரும் மனைவி ஈடித்தும் உறங்கும் கல்லறையில் ‘பெரன்’, ‘லூதியன்’ என்ற பெயர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

பாட்டின் வலிமையைப் பாடவந்த ஒரு பாணர் குழு, கதையின் தலைசிறந்த பாடகியை அட்டையில் நிறுத்திவிட்டு உள்ளே அவளுக்கு ஒரு கூற்றுகூடக் கொடுக்கவில்லை. பெரனின் பாட்டில் பேசப்படுபவளாக வருகிறாள், அவ்வளவே. க்யூர்ஷின் குரல் ஆண்குரல் என்பதை ஒரு சமாதானமாக ஏற்க என்னால் முடியவில்லை. ஆண் புலவர்கள் தலைவி கூற்றாக எழுதிய நூற்றுக்கணக்கான பாட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. தோற்றவர்களின் குரல்களில்தான் ஆல்பத்தின் ஈர்ப்பு முழுவதும் இருந்தது என்றும், வென்றவள் அந்த வரிசைக்குள் பொருந்தவில்லை என்றும் ஒரு விளக்கம் சொல்லிப்பார்க்கலாம். அப்படியே இருந்தாலும் இழப்பு இழப்புதான்.

இன்னொரு விடுபடல் தூரினின் கதை. தன் தங்கை என்றறியாமல் நியனோரை மணந்து, உண்மை தெரிந்ததும் இருவரும் மாளும் அந்தத் துயரக்கதைக்கு டோல்கீன் ஃபின்லாந்தின் ‘கலேவலா’ காப்பியத்தில் வரும் குல்லெர்வோவிடமிருந்து விதை எடுத்தார். அதைப் பற்றிய ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஸாரோ’ என்ற அழகான பாட்டு ஆல்பத்தில் இடம்பெறாமல், ‘அண்ட் தென் தேர் வாஸ் சைலன்ஸ்’ தனி வெளியீட்டோடு வந்தது. 2007இல் வந்த மறுபதிப்பில்தான் கூடுதல் பாட்டாகச் சேர்ந்தது. வாங்குபவர்கள் அந்தப் பதிப்பைத் தேடி வாங்குவது நல்லது.

இதே வழியில் பிற ஆல்பங்கள்

இது தனி மரம் அல்ல என்று தொடக்கத்தில் சொன்னேன். ராக் இசையில் டோல்கீன் முன்பே உண்டு. லெட் ஸெப்பெலினின் ‘ராம்பிள் ஆன்’ 1969லேயே வந்தது. பிரிட்டனின் அயர்ன் மெய்டன் 1984இல் ‘பவர்ஸ்லேவ்’ ஆல்பத்தில் கோல்ரிட்ஜின் முதிய மாலுமியின் கதையைப் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் பாட்டாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலை வைத்து ஒரு பாட்டுச் செய்து, அந்தத் தலைப்பை வைக்க அனுமதி கேட்டார்கள். ஹெர்பர்ட் மறுத்துவிட்டதால் வேறு தலைப்பில் வந்தது.

அமெரிக்காவின் ஸிம்ஃபனி எக்ஸ் 2002இல் ஒடிஸியை இருபது நிமிடங்களுக்கு மேற்பட்ட ஒரே பாட்டாகச் செய்தது. 2007இல் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ பெயரில் ஆல்பம் வெளியிட்டது. கேமலாட் குழு கதேயின் ஃபாஸ்டை வைத்து 2003, 2005 ஆண்டுகளில் இரண்டு ஆல்பங்களைச் செய்தது. 2004இல் மாஸ்டடான் குழுவின் ‘லெவியதான்’ ஆல்பம் ‘மோபி டிக்’ திமிங்கிலத்தைத் துரத்தியது. பிளைண்ட் கார்டியனே 2002இல் ட்ராய் நகரின் வீழ்ச்சியைப் பதினான்கு நிமிடப் பாட்டாக்கினார்கள். 

இவற்றோடு ஒப்பிடும்போது ‘நைட்ஃபால்’ வேறுபடும் இடம், முன்பு சொன்ன அந்தக் கூற்று முறைதான். மற்றவை பெரும்பாலும் கதையைச் சொல்கின்றன, அல்லது கதையின் குறியீடுகளை எடுத்துக்கொள்கின்றன. இது பாத்திரங்களைப் பேசவிடுகிறது. 2001இல் பீட்டர் ஜாக்சனின் முதல் படம் வருவதற்கு முன்பே, காதால் மட்டும் கட்டப்பட்ட உலகம் இது. அதனால் சினிமா முகங்கள் எதுவும் இதில் குறுக்கிடுவதில்லை.

வஞ்சினத்தின் விலை

ஆல்பம் சொல்லாமல் நிறுத்தும் ஒரு முடிவு நூலில் இருக்கிறது. மோர்கோத் வீழ்ந்தபின் மீதி இரண்டு மணிகள் தேவர்களின் காவலில் இருக்கின்றன. ஏழு மகன்களில் எஞ்சியவர்கள் மெய்த்ரோஸும், பாடகனான மாக்லோரும் மட்டும். மாக்லோர் வஞ்சினத்தை விட்டுவிடலாம் என்கிறான். மெய்த்ரோஸ் இசையவில்லை. காவலர்களைக் கொன்று மணிகளை எடுக்கிறார்கள். கைப்பட்டதும் மணி சுடுகிறது. இத்தனை கொலைக்குப் பிறகு அவற்றின் மேல் தங்களுக்கு உரிமையில்லை என்பது அப்போதுதான் புரிகிறது. அண்ணன் எரிகுழியில் குதிக்கிறான். தம்பி மணியைக் கடலில் எறிந்துவிட்டுக் கரையோரமாகப் பாடிக்கொண்டே அலைகிறான்.

இதைத் தெரிந்துகொண்டு ‘நைட்ஃபால்’ பாட்டுக்குத் திரும்பினால் அது வேறு பாட்டாகிவிடுகிறது. தந்தையைப் பறிகொடுத்தவர்களின் துக்கம் அதில் உண்மையானது, கோபம் நியாயமானது. அந்த நியாயத்தின் உச்சியில், யோசிக்காமல், திரும்பப்பெற முடியாத ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு வரும் ஒவ்வொரு கூற்றும் அந்த ஒரு சொல்லின் விலைப்பட்டியலில் ஒரு வரி: வெட்டப்பட்ட கை, பனியில் விறைத்த குழந்தைகள், கதவைத் தட்டிச் செத்த அரசன். நியாயமான கோபத்தில் தொடங்கி, எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோகும்வரை நீண்ட போர்களைச் செய்தியாக மட்டுமல்லாமல் அருகிலிருந்தும் அறிந்த சமூகம் நம்முடையது. கிதார் இரைச்சலுக்கு நடுவே இந்தப் பாட்டு நமக்கு அந்நியமாக இருக்காது.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் துண்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் ‘இது யார் கூற்று?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு சில்மரில்லியனை எடுங்கள். ஐம்பதாவது பக்கத்தைத் தாண்டிவிடுவீர்கள். அதற்குள் அந்தப் பெயர்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்காவது உங்களிடம் குரல் வந்திருக்கும்.